பகாவிலிருந்து சின்ன மலைகள்: ஏறிப் பார்த்த குறிப்புகள்

மலையேற்றம் என்றதும் நம் ஆட்களின் பேச்சு நேரே கினபாலுவுக்குப் போய்விடும். 4,095 மீட்டர். அதை விட்டால் தீபகற்பத்தின் ஜி7: 7,000 அடிக்கு மேற்பட்ட ஏழு மலைகள், அதில் பெரியது 2,187 மீட்டர் குனோங் தகான். எல்லாமே விடுப்பு, பெர்மிட், வழிகாட்டி, கைச்செலவு என்று நீளும் சங்கதி. நெகிரி செம்பிலானின் கோலாப்பிலா, ரெம்பாவ் பக்கத்து மலைகளை அதே மாநிலத்தின் பகாவில் இருப்பவர் ஒரே நாளில் ஏறி இறங்கி வீடு திரும்பலாம். குனோங் டத்தோ 884 மீட்டர், குனோங் அங்சி 825 மீட்டர். இந்த எண்களை இளக்காரமாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் அரைமணியிலேயே மூச்சு வாங்கும்.

உச்சியின் உயரம் வேறு, நம் கால் ஏறுகிற உயரம் வேறு. கினபாலுவில் நடை தொடங்கும் திம்போஹான் வாசலே 1,866 மீட்டரில் இருக்கிறது. மிச்சம் ஏற வேண்டியது 2,229 மீட்டர்; தூரம் ஏறத்தாழ 8.7 கி.மீ., அதையும் இரண்டு நாளில் பிரித்து ஏறுகிறார்கள். கிலோமீட்டருக்கு 250 மீட்டர் ஏற்றம். டத்தோவில் 3 கி.மீ. தூரத்துக்குள் 600 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். கிலோமீட்டருக்கு 200-க்குக் குறையாது. சரிவில் பெரிய வித்தியாசம் இல்லை. கினபாலுவில் கூடுதலாக இருப்பது குளிரும், 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி கொடுக்கும் காற்றுக் குறைவும். டத்தோவில் கூடுதலாக இருப்பது புழுக்கம். 100 மீட்டர் ஏறினால் 0.6 பாகைதான் குறையும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நான்கு பாகை வித்தியாசம் வந்தால் அதிகம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891-இல் மன்ரோ என்பவர் பட்டியல் போட்டார். பிறகு கார்பெட் 2,500 முதல் 3,000 அடி வரை உள்ளவற்றைத் தொகுத்தார். எல்லாப் பக்கமும் குறைந்தது 500 அடி இறக்கம் இருந்தால்தான் அவர் பட்டியலில் இடம். அதனால் ஒவ்வொரு கார்பெட் மலையையும் தனித்தனியாக ஏறித்தான் ஆக வேண்டும். பக்கத்து உச்சியிலிருந்து முகட்டோடு நடந்து ‘இன்னொன்று முடிந்தது’ என்று சொல்ல முடியாது. நம் ஜி7-இல் கோர்புவையும் காயோங்கையும் ஒரே பயணத்தில் சேர்த்து முடிப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அளவுகோலில், ஏறத்தாழ 2,900 அடி உயரமுள்ள டத்தோ மரியாதைக்குரிய மலை.

பயிற்சிக்குத் தோட்டமே போதும். செம்பனை மேடுகளுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில், தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறி இறங்குவதுதான் முதல் கட்டம். காவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மருந்தடிக்கும் நாளில் போக வேண்டாம். பையில் ஒன்றரை லிட்டர் போத்தல் நான்கு வைத்தால் ஆறு கிலோ. மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறும்போது சுமை தொடைக்கும் மூச்சுக்கும் பயிற்சி. இறங்கும்போது அதே சுமை முட்டியைத்தான் பதம் பார்க்கும். மறுநாள் தொடைவலி வருவது சகஜம். முட்டியின் உள்பக்கம் குத்தினால் சுமையைப் பாதியாக்குங்கள்.

காலணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பால்மரம் சீவுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்று எல்லாரும் கேலியும் பாசமுமாக அழைப்பது, இந்த ஈரக் காட்டில் விலை உயர்ந்த பூட்சுக்குச் சளைத்ததல்ல. ஒரே வார்ப்பில் செய்த ரப்பர், அடியில் குமிழ்கள், களிமண்ணில் கவ்வும், தண்ணீர் உறிஞ்சாது, கழுவினால் உடனே காயும். குறை, உள்ளே மெத்தை கிடையாது. பழைய விளையாட்டுச் சப்பாத்தின் உள்ளட்டையை வெட்டிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தடித்த பந்து விளையாட்டுக் காலுறையோடு போட்டுப் பார்த்து ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும். குதிகால் விளிம்பு உரசும் இடத்தில் முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஈரப் பாறையில் மட்டும் முழு நம்பிக்கை வேண்டாம். டத்தோ உச்சியில் பெரிய பாறைகளும் இரும்பு ஏணிகளும்தான், அங்கே மூன்று பிடி (இரு கை, இரு காலில் எப்போதும் மூன்று ஊன்றியிருப்பது) இல்லாமல் நகரக் கூடாது.

நடை நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு (1892) உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. டத்தோவுக்கு ஏறத்தாழ 100 நிமிடம் வரும். வேரும் சேறும் உள்ள நம் பாதைக்கு அதை ஒன்றரை மடங்காக்குங்கள், இரண்டரை மணி. கூட்டமாகப் போனால் மிகவும் மெதுவாக நடப்பவரை வைத்துத்தான் கணக்கு. காலை ஏழரைக்கு நடையைத் தொடங்கினால் பத்து மணிக்கு மேலே. பன்னிரண்டுக்குள் உச்சியைவிட்டு இறங்கிவிட வேண்டும், ஏனென்றால் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இதில் சலுகையே கிடையாது.

அங்சிக்கு இரண்டு பாதை. புக்கிட் புத்துஸ் வழி கணவாயில் தொடங்குவதால் கொஞ்சம் உயரம் காரிலேயே கிடைத்துவிடுகிறது. உலு பெண்டுல் வழி நீளம், ஆற்றோரம், அழகும் அதிகம். ஆனால் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவின் குனோங் ஜெராய் அடிவாரத்தில் அப்படித்தான் உயிர்கள் போயின. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ கரையேறிவிடுங்கள்.

தண்ணீர் தலைக்கு இரண்டு லிட்டர், நீண்ட பாதைக்கு மூன்று. அதில் ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொண்டால் வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு நல்லது; நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் வெக்கையில் கெட்டுவிடும். அட்டை கடித்தால் பிய்க்காதீர்கள். மெலிந்த முனைதான் வாய். அங்கே நகத்தைச் சரித்து நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் ஒழுகும், அழுத்திக் கட்டினால் போதும்.

டத்தோ, அங்சி இரண்டிலும் ஏறி இறங்கிய மறுநாள் மாடிப்படி சிரமமில்லாமல் இறங்க முடிந்தால் அடுத்தது ஜொகூரின் 1,276 மீட்டர் குனோங் லேடாங். அங்கே பெர்மிட்டும் வழிகாட்டியும் கட்டாயம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஜெலெபுவின் பெசார் ஹந்து, 1,462 மீட்டர், அதற்கும் பிறகு.