மார்கழிப் புகை

டிசம்பர் 28, உதகை

புல்வெளியெங்கும் உறைபனி. காரை ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரிலிருந்து நீலம் கலந்த புகை குப்பென்று வந்து, அரை நிமிடத்திற்குள் நின்றுவிட்டது. ஜனவரி 9 அன்று அம்மாவைக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

டிசம்பர் 29

இந்தக் குளிரில் எல்லா வண்டிகளும் வெண்மையாக ஆவி விடுகின்றன என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் தேற்றினார். அது உண்மைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அது குளிர்ந்த குழாயில் ஆவியாகத் தெரியும். ஆனால் நீராவி சில அடி தூரத்திலேயே காற்றில் கரைந்துவிடும். எங்கள் வண்டியின் புகையோ வாசலில் தொங்கி நிற்கிறது, எண்ணெய் கருகிய நெடியும் வீசுகிறது. சைலன்சர் வாயில் பிடித்த வெள்ளைத் துணியில் நீர்த்துளிகளோடு பிசுபிசுப்பும் இருந்தது.

டிசம்பர் 30

மீண்டும் நீலம். அம்மா இரவு முழுவதும் உறங்கவில்லை.

ஜனவரி 2

பட்டறையில், பிஸ்டனைச் சுற்றி நின்று எண்ணெய் மேலேறாமல் தடுக்கும் ரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்கள். ஓடிச் சூடேறிய வண்டியைப் பார்த்துச் சொன்ன முடிவு அது. புகையின் நிறத்தைக் கேட்டவர்கள், அது எப்பொழுது வருகிறது என்று கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் முதன்மையான கேள்வியாகப் படுகிறது. ரிங் தேய்ந்திருந்தால் வண்டி பாரம் இழுக்கும்போதெல்லாம் புகைய வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒருமுறை மட்டும் புகைந்து ஓய்கிறதென்றால், வால்வுத் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான வால்வு சீல்கள் இறுகிப்போய், அவற்றின் வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இரவில் தங்கி, முதல் தீப்பொறியில் எரிகிறது என்றே கொள்ள வேண்டும்.

ஜனவரி 4

மலைப்பாதையே சோதனைக் கூடமாயிற்று. குன்னூரிலிருந்து பர்லியார் வழியாகக் கல்லாறு வரை, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கினேன். தம்பி பைக்கில் பின்தொடர்ந்து புகையைக் கவனித்தான். அப்படி இறங்கும்போது காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம் வலுத்து, இறுகிப்போன சீல்களின் வழியே எண்ணெயை உறிஞ்சும். சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் நீலப் புகை வந்தது என்றான். திரும்பி மேலேறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் என்ஜின் திணறிய இடங்களிலும் ஒன்றுமே இல்லை. பிரிக்கச் சொன்னவர்கள் இந்தச் சாலையில்தான் நாள்தோறும் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

ஜனவரி 5

என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் அளவு குறையவில்லை. புகையில் அதன் இனிப்பு வாசனையும் இல்லை. கூலண்ட் சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் குறித்த பயம் ஓரளவு தணிந்தது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படலம் இருந்தது. குளிரில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் நீர் சேர்ந்து அப்படி ஆவதுண்டு.

அம்மா கஞ்சி குடித்தார்.

ஜனவரி 6

வேறொரு மெக்கானிக் பொறுமையாகக் கேட்டு, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுக அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டர்களுமே கையேட்டிலுள்ள அளவைவிடக் குறைவாகக் காட்டியபோது நெஞ்சு படபடத்தது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கால் பங்கு குறைவு, அதனால் இங்கே எந்த வண்டியும் அந்த அளவைத் தொடாது. நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம் என்றார். நெருக்கமாகவே இருந்தன. ஒவ்வொன்றிலும் சிறிது எண்ணெய் விட்டுப் பார்த்தபோதும் அளவு பெரிதாக ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் அந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவை ஏற்றியிருக்கும். ஆகவே ரிங் நன்றாக இருக்கிறது. என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலேயே, ஸ்பார்க் ப்ளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகளைத் தாங்கிக்கொண்டு சீல்களை மாற்றிவிடலாமாம்.

ஜனவரி 7

சீல்கள் கோவையிலிருந்து இன்னும் வரவில்லை.

ஜனவரி 8

வராவிட்டாலும் புறப்படுவோம். இந்தக் கசிவு வண்டியை வழியில் நிறுத்தாது. ஆயில் அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று மெக்கானிக் உறுதியாகச் சொன்னார். டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்கிறது. ஒரு லிட்டர் டப்பா டிக்கியில். அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகள், கம்பளி, வெந்நீர் ஃபிளாஸ்க். காலை 5 மணிக்கே ஸ்டார்ட் செய்து, புகை அடங்கிய பிறகே அம்மாவை வாசலுக்கு அழைத்து வரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.