என் லேப்டாப்பை ஆபீஸ் முழுக்கத் திறந்து வைத்திருந்தவன் நான்தான்

"எனக்கு மூணுதான் போட்டிருக்கீங்களாமே?"

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது என் குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. ஆறு பேருக்கும் போட்ட ஆண்டு இறுதி மதிப்பெண்கள் ஒரு எக்ஸெல் கோப்பில் இருந்தன, ஒவ்வொருவரைப் பற்றியும் எனக்காக மட்டும் எழுதிக்கொண்ட குறிப்புகளுடன். அதை யாருக்கும் அனுப்பவில்லை, பிரிண்ட் எடுக்கவில்லை, மேலாளருக்குக்கூட இன்னும் போகவில்லை. என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

"யார் சொன்னது?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றார். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

அடுத்த இரண்டு நாள் நான் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம். பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினேன். யாரோ வைஃபையை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று முடிவு கட்டி, சொந்தக் காசில் ஒரு விபிஎன் வாங்கிப் போட்டேன். எதுவும் பயன்படாது என்று அப்போது தெரியவில்லை. விபிஎன் வெளியே போய் வரும் போக்குவரத்தைத்தான் மறைக்கும். என் கோப்பு எங்கும் போகவே இல்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்கள்தான் அங்கே வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போட்டேன், அதாவது கணினிப் பிரச்சினை என்று புகார் பதிந்தேன். நான்கு மணி நேரத்தில் பதில்: "வைரஸ் ஸ்கேன் செய்யப்பட்டது. பிரச்சினை இல்லை. மூடப்பட்டது." நான் வைரஸ் என்ற வார்த்தையையே எழுதவில்லை. மறுபடியும் திறந்து, "யாரோ என் கோப்புகளைப் பார்க்கிறார்கள்" என்று தெளிவாக எழுதினேன். "பாஸ்வேர்டை மாற்றவும். மூடப்பட்டது." சரி, நேரிலேயே போய்விடலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன். அங்கிருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டிக்கெட் நம்பர்?" என்றார். சொன்னேன். "அது மூடியாச்சே. புதுசா போடுங்க" என்றார். அவ்வளவுதான், இரண்டு மாடி ஏறினேன்.

கோபத்தில் நானே தோண்ட ஆரம்பித்தேன். அதற்கு இப்போது நன்றி சொல்லத்தான் வேண்டும்.

விண்டோஸில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குள் ஷேர்டு ஃபோல்டர்ஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மூன்று பட்டியல்கள் இருக்கும். ஷேர்ஸ் என்பதில் உங்கள் கணினியிலிருந்து நெட்வொர்க்குக்குத் திறந்துவிட்டவை எல்லாம் வரும். இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது செஷன்ஸில். எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது ஓப்பன் ஃபைல்ஸில். இத்தனை வருடம் கணினியோடு குப்பை கொட்டியும் இப்படி ஓர் இடம் இருப்பது எனக்குத் தெரியாது.

ஷேர்ஸ் பட்டியலில் டாலர் குறியோடு முடியும் சில பெயர்கள் இருந்தன. அவை விண்டோஸ் தானாகவே வைத்திருப்பவை, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். அவற்றுக்குக் கீழே டாலர் இல்லாத ஒரே ஒரு பெயர்: டாக்குமென்ட்ஸ். அனுமதி: எவ்ரிஒன், முழுக் கட்டுப்பாடு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் பக்கத்து இருக்கைக்காரருக்கு அவசரமாக ஒரு வீடியோ கோப்பு தர வேண்டியிருந்தது. என் பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்ததால் 4 ஜிபிக்கு மேல் இருக்கும் எந்த ஒற்றைக் கோப்பையும் அது ஏற்காது. சரி, நெட்வொர்க்கிலேயே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஃபோல்டரை ஷேர் செய்தேன். அவர் கணினி பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. எரிச்சலில், பாஸ்வேர்டு இருந்தால்தான் ஷேரைத் திறக்க முடியும் என்ற அமைப்பையே அணைத்துவிட்டேன். வீடியோ இரண்டே நிமிடத்தில் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன். அதற்கென்று ஒரு தனி ஃபோல்டராவது உருவாக்கியிருக்கலாம். மொத்த டாக்குமென்ட்ஸையும் திறந்துவிட்டிருக்கிறேன், அதிலும் மற்றவர்கள் எழுதவும் அழிக்கவும் அனுமதியோடு.

செஷன்ஸைத் திறந்தேன். அந்த நேரத்தில் ஒருவர் உள்ளே இருந்தார்! பயனர் பெயர்: கெஸ்ட், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் வந்த விருந்தாளி. பக்கத்தில் ஓர் ஐ.பி. முகவரி, நெட்வொர்க்கில் ஒரு கணினியைக் காட்டும் எண். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி துள்ளினேன். நண்பர் ஒருவர் உதவியோடு அந்த முகவரி எந்தக் கணினி என்று கண்டுபிடித்தோம். அது மீட்டிங் அறையில் புரொஜெக்டரோடு கிடக்கும் பொதுக் கணினி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஓடிப்போய்ப் பார்த்தபோது அறை காலி.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் பாதுகாப்புப் பதிவுகளையும் அலசினேன். 4624 என்ற எண்ணுள்ள பதிவு வெற்றிகரமான நுழைவு. அதற்குள் லாகான் டைப் 3 என்று இருந்தால் நெட்வொர்க் வழியாக வந்தவர். 2 என்றால் கணினி முன்னாலேயே உட்கார்ந்தவர், 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். எனக்கு வரிசையாக டைப் 3 என்றே இருந்தது, எல்லாம் கெஸ்ட் பெயரில், நான்கைந்து வெவ்வேறு முகவரிகளிலிருந்து. ஆனால் அந்தப் பதிவேட்டின் இயல்பான கொள்ளளவு 20 எம்பிதான். நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். எனக்குச் சில நாட்களின் பதிவுதான் மிஞ்சியிருந்தது. உங்களுக்கு இப்படி ஏதாவது சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்னால் இந்தப் பதிவேட்டைச் சேமித்து வையுங்கள். நான் இரண்டு நாளை விபிஎன் வாங்குவதில் தொலைத்தேன்.

ஷேரை நீக்கினேன். பாஸ்வேர்டு கேட்கும் அமைப்பைத் திரும்பப் போட்டேன். அலுவலக வைஃபை "பிரைவேட்" என்று இருந்ததை "பப்ளிக்" என்று மாற்றினேன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: பப்ளிக் என்றால் "நான் இருப்பது பொது இடம், என்னை யாருக்கும் காட்டாதே" என்று விண்டோஸிடம் சொல்வது. அதுதான் இறுக்கமான அமைப்பு.

இறுக்கியதற்கு உடனே பலன் கிடைத்தது. அலுவலக ஸ்கேனரிலிருந்து வரும் கோப்புகள் நின்றுபோயின. அந்த இயந்திரம் ஸ்கேன் செய்ததை என் லேப்டாப்பில் அதே டாக்குமென்ட்ஸ் ஷேருக்குள் எழுதிக்கொண்டிருந்ததாம். அதற்காக மறுபடியும் கதவைத் திறக்க மனமில்லை. ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றிக்கொண்டேன்.

இப்போது அந்த டாலர் விஷயம். சி டாலர் என்று இருப்பது உங்கள் மொத்த சி டிரைவ். நிர்வாகிகளுக்கு மட்டும் திறக்கும், அதனால் பயமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் எல்லா லேப்டாப்பிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று இயங்குகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. மென்பொருள் போட்டுத் தர வருபவர் நம் கண்முன்னால்தான் தட்டுவார். பாதிப் பேருக்கு அது மனப்பாடம். நண்பரின் சம்மதத்தோடு என் கணினியிலிருந்து அவருடைய சி டாலரைத் திறந்து பார்த்தேன். திறந்தது. அவருடைய டெஸ்க்டாப்பில் இருந்த குழந்தைகளின் படம் வரை தெரிந்தது. இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதை மட்டும் படம் பிடித்து, மேலாளருக்கும் நகல் போட்டு, மூன்றாவது டிக்கெட் போட்டேன். இருபது நிமிடத்தில் ஐ.டி. தலைவரே என் இருக்கைக்கு வந்தார். யாருடைய கோப்பை யார் பார்த்தார் என்று புலம்பினால் யாரும் நகர மாட்டார்கள். "இந்த பாஸ்வேர்டு தெரிந்தவர் எல்லாருடைய கணினிக்குள்ளும் போகலாம், உங்களுடையதும் சேர்த்து" என்று காட்டினால் நகர்வார்கள். ஒரு விஷயம், இந்தச் சோதனையை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, நண்பரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்திருந்தேன். அது இல்லையென்றால் திருடன் பட்டம் எனக்கு வந்திருக்கும்.

ஒவ்வொரு கணினிக்கும் தனி பாஸ்வேர்டு வைத்து அவ்வப்போது தானாக மாற்ற லாப்ஸ் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2015லேயே கொடுத்துவிட்டது, 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. ஆனால் அதற்கு எல்லாக் கணினியும் ஒரு மைய நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது கிடையாது. கடைசியில் கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றினார்கள். பரவாயில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. யாராவது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி என் டிஸ்க்கைப் படித்துவிட்டால் என்ற பயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை பயாஸுக்குள் போனேன், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வரும் அமைப்புத் திரை அது. பாஸ்வேர்டு போட்டேன், யூஎஸ்பி வழியாகத் தொடங்குவதை அடைத்தேன், போகிற போக்கில், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டிலும் கை வைத்தேன். திங்கள் காலை ஒன்பதரைக்கு மீட்டிங். லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரை: பிட்லாக்கர் மீட்புச் சாவியை உள்ளிடவும். 48 இலக்கம்.

டிஸ்க் ஏற்கெனவே பிட்லாக்கரில், அதாவது டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியில், பூட்டியிருந்தது, பென்டிரைவ்காரரால் எதையும் படித்திருக்க முடியாது. தொடங்கும் விதத்தில் நான் செய்த மாற்றத்தைப் பார்த்து, யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அது உஷாராகிவிட்டது. அது சரியாகத்தான் வேலை செய்தது. பயாஸில் எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், அதற்கும் முன்னால் சாவி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

மறுபடியும் இரண்டு மாடி, அதே மனிதர். சாவிகளை அச்சடித்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார்களாம். புரட்டினார். என் பெயரில் தாள் இல்லை. "உங்க லேப்டாப்புக்கு பிட்லாக்கரே போடலையே" என்றார். நீலத் திரையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். இரண்டு மணி நேரம். மீட்டிங் நான் இல்லாமலேயே முடிந்தது. கடைசியில் திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை வைத்து நானே ஒவ்வொரு தாளாகப் பொருத்திப் பார்த்தேன். வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரில் இருந்தது. எனக்கு முன்னால் இந்த லேப்டாப்பை வைத்திருந்தவர். பெயரை அடித்து என் பெயரை எழுதச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இப்போது இருக்கையிலிருந்து எழுந்தால் திரையைப் பூட்ட விண்டோஸ் பொத்தானையும் எல் பொத்தானையும் கை தானாக அழுத்துகிறது. ப்ளூடூத்தில் போனை இணைத்து, போன் தூரம் போனால் திரை பூட்டிக்கொள்ளும் வசதியையும் போட்டிருக்கிறேன். அது உடனே பூட்டாது, கொஞ்ச நேரம் எடுக்கும், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஐ.டி. பிரிவைத் தடுக்க எதுவும் செய்யவில்லை. லேப்டாப் நிறுவனத்தினுடையது, அவர்கள் பார்க்கலாம். அவர்களும் பார்க்கக் கூடாதது என்றால் அது இந்த லேப்டாப்பில் இருக்கவே கூடாது.

யார் படித்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. என்னிடம் மூன்று வாங்கியவரை உட்கார வைத்துப் பேசினேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை, காரணத்தைச் சொன்னேன்.

நேற்று அந்த மூன்றாவது டிக்கெட்டையும் மூடிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. தீர்வு என்ற இடத்தில் ஒரே வரி: "பயனருக்கு விளக்கிச் சொல்லப்பட்டது."