எத்தனை மணிக்கு?

நாங்கள் கணினியில் ஓட்டும் வானிலை மாடலில் மின்னல் என்று ஒரு பொருளே கிடையாது. காற்று இருக்கிறது, ஈரம் இருக்கிறது, வெப்பம் இருக்கிறது. மேகத்துக்குள் நீர்த்துளி, பனித்துகள், கிராப்பெல் இருக்கின்றன. இவற்றைப் பார்த்து மின்னல் அடிக்குமா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவே சில மாதங்கள் ஆயின.

கிராப்பெல் என்பது ஜவ்வரிசி போன்ற பனி உருண்டை. பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் பனித்துகள்மீது ஒட்டி ஒட்டி உறைந்து அது உருவாகிறது. மேலெழும் காற்று சின்னப் பனித்துகள்களை உச்சிக்குத் தூக்கிப்போகும், கனமான கிராப்பெல் பின்தங்கும். போகிற போக்கில் இரண்டும் மோதும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. பெரும்பாலும் மேகத்தின் உச்சியில் நேர்மின், நடுவயிற்றில் எதிர்மின். அப்புறம் நடப்பதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பூஜ்ஜியத்துக்கும் மைனஸ் 20 டிகிரிக்கும் இடைப்பட்ட அடுக்கில் காற்று எவ்வளவு வேகமாக மேலேறுகிறது, அங்கே நீரும் பனியும் கலந்திருக்கின்றனவா என்று பார்க்கிற குறியீட்டைத்தான் நான் நம்புகிறேன்.

மேக உச்சியின் உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் பழைய வழியும் உண்டு. 1992-இல் பிரைஸ், ரிண்ட் என்ற ஆய்வாளர்கள் தந்த சூத்திரம் அது. நிலப்பரப்பில் மின்னலின் எண்ணிக்கை உயரத்தின் 4.9-ஆவது அடுக்காகக் கூடும் என்கிறது. 10 கிலோமீட்டர் உயர மேகத்தை மாடல் 11 கிலோமீட்டர் என்று போட்டுவிட்டால் மின்னல் 60 சதவீதம் ஏறிவிடும்! அதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றே வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

நான் அதிகம் பார்த்தது பீகார், ஜார்க்கண்ட் பக்கம். 2020 ஜூன் 25 அன்று ஒரே நாளில் பீகாரில் 80-க்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். நாடு முழுவதும் சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேல். ஜூன், ஜூலையில் அங்கே நெல் நடவு. திறந்த வெளி, கணுக்கால் வரை தண்ணீர், ஒதுங்குவதற்கு வரப்போர மரம் ஒன்றுதான், அதன் கீழே போய் நிற்பதுதான் இன்னும் ஆபத்து.

ஒரு ஜூலையில் எங்களிடமிருந்து போன எச்சரிக்கை ‘பகல் 11 முதல் 2 வரை’ என்றது. இடி விழுந்தது மாலை நாலேகாலுக்கு. மறுநாள் சரிபார்த்தோம். மாவட்டம் சரி, தேதி சரி, மதிப்பெண் நன்றாகவே வந்தது. மத்தியானம் அந்த மாவட்டப் பேரிடர் அலுவலர் போன் செய்தார். "சார், உங்க மெசேஜைப் பார்த்துப் பதினோரு மணிக்கே கரையேறிட்டாங்க. ரெண்டரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. ஒண்ணும் வரலை. மறுபடி இறங்கினாங்க." அப்படி இறங்கிய ஒரு பெண் வீடு திரும்பவில்லை. அலுவலர் கோபப்பட்டுப் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த எச்சரிக்கைக்காக மாடலை ஓட்டிய ரன், நிலப்பரப்பை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டது. ஒரு இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள் தொலைந்துபோகும். அதனால் மேகத்தைத் தனியாக வளர்த்துப் பார்க்காமல், தரை சூடாகிக் காற்று நிலைகுலைந்ததுமே மழை கிளம்பிவிட்டதாக மாடல் கணக்கு முடித்துவிடும். உச்சிவெயிலிலேயே இடிமழை காட்டும். நிஜ மேகத்துக்கு வளர நேரம் வேண்டும், அதன் உச்சம் சாயங்காலம். இது துறையில் எல்லோருக்கும் தெரிந்த பிழைதான். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தை அப்படியே போக விட்டேன்.

அதற்குப் பிறகு நாள் கணக்கில் சரிபார்ப்பதை நிறுத்தினேன். உணரிகள் பதிவு செய்த மின்னலை மணிவாரியாகக் கருப்புக் கோடாக வரைந்து, மாடல் சொன்னதைச் சிவப்பில் அதன்மேல் போட்டேன். 12 கிலோமீட்டரில் சிவப்பு மூன்று மணி நேரம் முந்திக்கொண்டு நின்றது. மேகத்தைத் தானே வளர்க்கும் 4 கிலோமீட்டர் ரன்னில் இரண்டு கோடுகளும் நெருங்கி வந்தன. இடம் மட்டும் அப்போதும் 30, 40 கிலோமீட்டர் தள்ளிப்போகும். வழக்கமான மதிப்பீட்டில் அதற்கு இரட்டைத் தண்டனை, அடித்த இடத்தில் சொல்லவில்லை, சொன்ன இடத்தில் அடிக்கவில்லை என்று. அந்த மதிப்பெண் குறைவதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. எச்சரிக்கையைப் பக்கத்து வட்டாரத்துக்கும் சேர்த்துச் சொன்னால் அங்கேயும் கொஞ்ச நேர வேலை கெடும், அவ்வளவுதான். நேரத்தை அகலமாக்கி ‘நாள் முழுவதும் மின்னல்’ என்று சொன்னால் ஒருவரும் கரையேற மாட்டார்கள். கூலி யார் தருவது?

கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ரேடாரும் உணரிகளும் இருக்கின்றன. ஆனால் நடவுக்கு ஆள் சேர்ப்பது முந்தைய இரவே. அந்த முடிவுக்கு மாடலை விட்டால் வேறு எதுவும் இல்லை.

அடுத்த வருட நடவின்போது அதே அலுவலர் இரவு பத்தரைக்கு போன் செய்தார். அவர்கள் ஊரில் மின்னலை டன்கா என்பார்கள்.

"நாளைக்கு டன்கா எத்தனை மணிக்கு சார்?"

மாலைத் தரவில் ஓடிய ரன் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்த்தேன். மூன்று மணிக்கு அவர்களுடைய தெற்கு வட்டாரங்களில் கிராப்பெல் ஏறத் தொடங்கியது.

"மூணு மணியிலிருந்து. ரெண்டுக்கே கரையேறச் சொல்லுங்க."

"சரி சார், அப்ப காலையில அஞ்சு மணிக்கே இறங்கச் சொல்லிடறேன்."