எட்டுச் சிப்பாயும் ஒன்றுபோல் வர வேண்டும்

மேசை மேல் வைக்கிற சின்ன லேத் (மரம் கடையும் இயந்திரம்) ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரு முழு செஸ் செட்டை என் கையால் கடைந்து, அதில் மகளோடு விளையாட வேண்டும் என்பது ஆசை. இன்றைய கணக்கு: வெள்ளையில் எட்டுச் சிப்பாய், இரண்டு யானை, ஒரு மந்திரி (பிஷப்). கறுப்பு இன்னும் தொடங்கவில்லை.

வெள்ளைக்கு எடுத்தது வெட்பாலை. இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டுச் சொரியாசிஸுக்குத் தடவுகிறோமே, அதே மரம். சன்னபட்டணா பொம்மைகளையும் இதில்தான் கடைகிறார்கள். இழை நெருக்கமாக, வெளேரென்று இருக்கும். கறுப்புக்குப் பூவரசு வைத்திருக்கிறேன். வெளிறை, அதாவது வெளிப்புற மென்மரத்தை, கழித்துவிட்டால் உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டை நல்ல அடர்பழுப்பு.

முதல் தவறு, பச்சை மரத்தைக் கடைந்தது. கிளை வெட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை. உளிக்கு வெண்ணெய் மாதிரி வந்தது, மூன்று சிப்பாயை ஒரே மாலையில் முடித்தேன். பத்து நாள் கழித்து அளந்தால் அடிப்பாகம் ஒரு பக்கம் 27 மி.மீ., குறுக்கே 26. மரம் காயும்போது வளர்ச்சி வளையத்தின் போக்கில் அதிகமாகவும் மையத்தை நோக்கிக் குறைவாகவும் சுருங்கும். வட்டமாகக் கடைந்தது நீள்வட்டம் ஆவது அதனால்தான். நடுச்சோறு (கிளையின் நட்ட நடுவில் இருக்கும் மென்பகுதி) உள்ளே இருந்த இரண்டு துண்டு வெடித்தே போயின. அப்புறம் கட்டையை நெடுக்காகப் பிளந்து, சோற்றைக் கழித்து, இரண்டு முனையிலும் பெவிகால் பூசி நிழலில் போட்டேன். சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை எடை பார்த்தேன். எடை குறைவது நின்ற பிறகே லேத்தில் ஏற்றினேன்.

அளவு விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைப்பது ராஜா 9.5 செ.மீ., சிப்பாய் 5 செ.மீ. என் பலகையில் ஒரு கட்டம் 5.5 செ.மீ. ஒரே கட்டத்தில் நான்கு சிப்பாய் நிற்க வேண்டும் என்பதால் அடிப்பாகம் 27 மி.மீ. காய்களின் வடிவம் 1849-இல் லண்டனில் பதிவான ஸ்டான்டன். குதிரையைத் தவிர மற்ற எல்லாக் காயும் உருண்டு திரண்டவை. கடைசல் பழகுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

சாய்வாய் உளிதான் என்னை அதிகம் சோதித்தது. அதன் நீண்ட முனை லேசாக மரத்தில் பட்டாலும் போதும், சடாரென்று இழுத்துக்கொண்டு திருகுபோல ஒரு பள்ளம் வெட்டிவிடும். அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமான் கடைகிற பெரியவர் ஒருவரிடம் போய், கெட்டுப்போன துண்டுகளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உளியத் திணிக்கீங்க. மொதல்ல அதோட முதுகு மரத்துல உரசட்டும். அப்புறம் பிடியக் கொஞ்சம் தூக்குங்க. மரம் தானா உளிக்கு வரும்.”

“எந்தப் பக்கம் ஓட்டணும் அண்ணாச்சி?”

“மேட்டுலருந்து பள்ளத்துக்கு. தண்ணி போற மாதிரி.”

அன்று ராத்திரியே வீட்டில் செய்து பார்த்தேன். தூள் பறந்த இடத்தில் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. உப்புத்தாளே தேவைப்படாத அளவுக்கு மரம் பளபளத்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த வேலையைத் தொடங்கியிருக்கலாம்.

ஒரு சிப்பாய் செய்வது அப்படி ஒன்றும் கடினம் இல்லை. எட்டாவது, முதலாவதைப் போல இருப்பதுதான் கடினம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. வரிசையாக நிறுத்தியதும் ஒன்றின் கழுத்து நீளம், ஒன்றின் தலை முட்டை. இரண்டு விஷயம் கைகொடுத்தன. ஓர் அட்டையில் அடி, இடுப்பு, கழுத்துப்பட்டை, தலை எல்லாவற்றுக்கும் கோடு போட்டு, சுழலும் மரத்தின் அருகே பிடித்துப் பென்சிலால் குறித்துக்கொள்வது ஒன்று. விட்டத்தை அளக்கப் பழைய ஸ்பானர்கள் இன்னொன்று. தலைக்கு 16 மி.மீ., பட்டைக்கு 19, இடுப்புக்கு 12. வாயின் விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டு, உளி இறங்க இறங்க மரத்துக்குப் பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். ஸ்பானர் நுழைந்ததும் உளியை எடுத்துவிட வேண்டும்.

தலையின் உருண்டைக்கு, தலையைவிடச் சிறிய இரும்புக் குழாயில் ஒரு துண்டு அறுத்துக்கொண்டேன். லேத்தை நிறுத்தி அந்த வளையத்தைத் தலையில் வைத்தால், உண்மையான உருண்டை என்றால் எந்தக் கோணத்திலும் சுற்றிலும் ஒட்டி உட்காரும். எங்காவது வெளிச்சம் கசிந்தால், வளையத்தைத் தொட்டுத் தாங்கி நிற்கிற இடம் எதுவோ அதுதான் மேடு. அதைச் சீவினால் போதும்.

உப்புத்தாளை இப்போது 240 எண்ணில்தான் தொடங்குகிறேன். அதைவிடக் கரடான 120 போட்டால் பட்டையின் கூர் விளிம்பு மழுங்கிவிடுகிறது. தாள் போடும்போது உளி தாங்கியைக் கழற்றிவிடுங்கள், விரல் இடையில் மாட்டினால் ஆபத்து. கைலியோடும் தொளதொள சட்டையோடும் லேத் அருகே போகவே வேண்டாம்.

மெருகுக்கு வண்ணம் சேர்க்காத அரக்கு. சுழலும் காயின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் காய்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால் திட்டுத் திட்டாக இருந்தது சீராகப் பரவிவிடும்.

யானை சுலபமாக வந்தது. மந்திரியின் தலை வெட்டில் சிக்கல்: கையில் பிடித்து அறுத்தபோது உதடு பிய்ந்தது. இரண்டாவதை லேத்திலிருந்து கழற்றாமல், மோட்டாரை அணைத்துவிட்டு மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். அது பிய்யாமல் நின்றது.

நேற்று நான்கு வெள்ளைச் சிப்பாய்களை ஒரே கட்டத்தில் நிறுத்தினேன். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, கோட்டைத் தாண்டாமல் நின்றன. மகள் அவற்றின் இடத்தை மாற்றி மாற்றி வைத்து, எது முதலில் செய்தது என்று கேட்டாள். அடியைத் திருப்பிப் பென்சில் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.