உரிமம் இருக்கிறது, சரி, எதற்கான உரிமம்?

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர்கள் ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, எத்தனை ரூபாய் என்று விசாரிக்கும் அக்கறையில் பாதியைக்கூட, அந்த நிறுவனம் எந்த வகை உரிமத்தின்கீழ் இயங்குகிறது என்பதில் காட்டுவதில்லை. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்றது என்ற ஒரு வரி போதுமென்று நினைக்கிறோம். சட்டத்தைப் படித்தால் அது போதாது என்பது விளங்கும்.

2020 ஜனவரி 28 அன்று சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த, பணம் செலுத்தும் சேவைகளை ஒழுங்குபடுத்தும் கட்டணச் சேவைகள் சட்டம் (Payment Services Act), ஏழு சேவைகளை வரையறுக்கிறது: கட்டணக் கணக்கு வழங்குதல், உள்நாட்டுப் பணமாற்றம், எல்லை கடந்த பணமாற்றம், வணிகர்களுக்காகக் கட்டணம் பெற்றுத் தருதல், மின்பணம் (மின்பணப்பையில் இருக்கும் பணம்) வெளியிடுதல், பிட்காயின் போன்ற மின்னிலக்கக் கட்டண டோக்கன் சேவை, நாணய மாற்று. இவற்றுக்கு நாணய மாற்று உரிமம், சாதாரணக் கட்டண நிறுவனம், பெரிய கட்டண நிறுவனம் என மூன்று வகை உரிமங்கள் உள்ளன. வங்கிகள் இந்த உரிமத்தைத் தனியாகப் பெற வேண்டியதில்லை.

சாதாரணத்தையும் பெரியதையும் பிரிப்பது பணப் புழக்கம்தான். ஏதேனும் ஒரு சேவையின் மாதச் சராசரி 3 மில்லியன் வெள்ளியை, அல்லது பல சேவைகள் சேர்ந்து 6 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பெரிய நிறுவன உரிமம் தேவை. மின்பணத்துக்கு அளவுகோல் வேறு. நாளிறுதியில் கையிருப்பாக உள்ள தொகையின் சராசரி 5 மில்லியன் வெள்ளி. அடிப்படை மூலதனம் சாதாரண நிறுவனத்துக்கு 1,00,000 வெள்ளி, பெரியதற்கு 2,50,000 வெள்ளி.

வாடிக்கையாளருக்கு முக்கியமான வேறுபாடு மூலதனத்தில் இல்லை. பெரிய நிறுவனம் நம் பணத்தை, வாடிக்கையாளருக்காகத் தனியே வைக்கப்படும் பொறுப்புக் கணக்கில் (trust account) போட்டோ, வங்கி உத்தரவாதம் பெற்றோ பாதுகாத்தாக வேண்டும். சாதாரண நிறுவனத்துக்குச் சட்டம் அந்தக் கடமையைப் பொதுவாக விதிக்கவில்லை. சிறிய நிறுவனங்கள் தொழில் தொடங்க இடம் தருவதற்கான சலுகை இது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சலுகையின் விலையை, நிறுவனம் நொடித்துப்போனால், மாதச் சம்பளத்தை அதனிடம் ஒப்படைத்தவரே கொடுக்க நேரிடலாம் என்பது என் வருத்தம்.

உரிமம் பெற்றுவிட்டதால் இந்நிறுவனங்கள் வங்கியாகிவிடுவதும் இல்லை. மின்பணத்துக்காகப் பெற்ற தொகையைக் கடனாகக் கொடுக்க முடியாது. தனிநபரின் மின்பணப்பை இருப்புக்கும் உச்சவரம்பு உண்டு. முதலில் 5,000 வெள்ளியாக இருந்த அது, 2023 டிசம்பரில் 20,000 வெள்ளியானது. ஆண்டு முழுவதும் வெளியேறக்கூடிய தொகையின் வரம்பும் 30,000 வெள்ளியிலிருந்து 1,00,000 வெள்ளியாக உயர்ந்தது. வங்கி வைப்புகள் கணிசமாக மின்பணப்பைகளுக்கு நகர்ந்துவிடக் கூடாது என்பதே வரம்பின் நோக்கம்.

பணம் சிங்கப்பூரைத் தொடாமலேயே இரு வெளிநாடுகளுக்கிடையே மாற்றிவிடும் இடைத்தரகு வேலையும் 2024 ஏப்ரல் 4 முதல் எல்லை கடந்த பணமாற்றத்தில் அடங்குகிறது. டோக்கன்களைப் பிறருக்காகப் பாதுகாத்து வைப்பதும் அன்றுமுதல் சட்டத்துக்குள் வந்தது.

நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் நிதி நிறுவனங்களின் பெயர்ப்பட்டியல் உள்ளது. நிறுவனத்தின் பெயரைத் தேடினால் உரிம வகையும் அனுமதிக்கப்பட்ட சேவைகளும் அதில் தனித்தனியாகத் தெரியும். நாணய மாற்று உரிமம் மட்டுமே உள்ள கடை ஊருக்குப் பணம் அனுப்பித் தருவதாகச் சொன்னால், அங்கே பணத்தைக் கொடுக்க வேண்டாம்.