எல்கன் மலையடிவாரச் சபைகளும் பிள்ளைகளின் படிப்பும்

உகாண்டாவில் ஒரு பிள்ளையை உயர்நிலைப் பள்ளி விடுதியில் சேர்க்கும்போது, கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் சீட்டோடு இன்னொரு தாளையும் பள்ளி கையில் கொடுக்கும். மெத்தை, பூட்டோடு கூடிய தகரப் பெட்டி, தண்ணீர் பிடிக்க ஜெரிகேன், மண்வெட்டி, விளக்குமாறு, வெள்ளைத்தாள் கட்டுகள், கழிப்பறைத் தாள் சுருள்கள், சலவைச் சோப்பு, சர்க்கரை என்று அது நீளும். கட்டணத்தை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஏதோ ஒரு சபையைச் சேர்ந்த குடும்பம் மாதந்தோறும் அனுப்பும் பணம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது தாளைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. கட்டணம் முழுவதும் கட்டப்பட்டிருந்தும், மெத்தையும் பெட்டியும் வாங்க வழியில்லாமல் முதல் வாரமே வீடு திரும்பிய பிள்ளைகள் உண்டு. திருச்சபை வழியாக நடக்கும் கல்வி உதவி எங்கே பலன் தருகிறது, எங்கே கைநழுவிப் போகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது தாள்தான்.

கிழக்கு உகாண்டாவில், எல்கன் மலையின் அடிவாரத்தில் உள்ள ம்பாலே நகரை மையமாகக் கொண்டு, சில உள்ளூர்ச் சபைகள் சேர்ந்து நடத்திய கல்வி உதவித் திட்டத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். பள்ளிக் கட்டணம், தொழிற்பயிற்சிச் செலவு ஆகியவற்றின் கணக்கும், அந்தப் பணம் சேரவேண்டிய பிள்ளையைச் சேர்ந்ததா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் என் பொறுப்பு. கென்யாவின் எல்லையை ஒட்டி 4,321 மீட்டர் உயரத்துக்கு எழும் அந்த மலையின் சரிவுகளில் பகிசு மக்கள் வாழைக்கு நடுவே அராபிகா காப்பி பயிரிடுகிறார்கள். நிலம் வளமானது, ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பாகம் பிரிந்து பிரிந்து, ஒரு குடும்பத்தின் கைக்கு எஞ்சுவது சிறு துண்டுதான். மழை வலுத்தால் சரிவே பெயர்ந்து வந்துவிடும். 2010 மார்ச்சில் புடுடா மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவில் ஒரு கிராமமே புதைந்துபோனது.

அந்த நாட்டில் திருச்சபைக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு பழையது. 1877இல் ஆங்கிலிக்கன் மிஷனரிகளும் 1879இல் கத்தோலிக்கக் குருக்களும் இன்றைய உகாண்டாவுக்குள் அடங்கிய புகாண்டா என்னும் அரசின் அவைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வழிவந்த விடுதிப் பள்ளிகளில் நமிலியாங்கோ 1902இலும், பெண்களுக்கான கயாசா 1905இலும், புடோ 1906இலும் தொடங்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகு 1960களில் அரசு பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வரை, நாட்டின் பெரும்பாலான பள்ளிகள் சபைகளின் கையில்தான் இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளிகளையும் அவற்றின் போர்டிங் விடுதிகளையும் அறிந்தவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல வேண்டும்: புடோ போன்ற பள்ளிகள் முதலில் தலைவர்களின் பிள்ளைகளுக்காகவே எழுந்தவை. காப்பிச் சரிவில் கால் ஏக்கர் வைத்திருப்பவரின் மகள் அந்த வரிசையில் நிற்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதற்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் ஆதரவாளரைத் தேடும் இன்றைய முறை அவளுக்காக வந்தது.

1997இல் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. முந்தைய ஆண்டில் 30 லட்சத்தை ஒட்டியிருந்த மாணவர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. 2007இல் இலவச உயர்நிலைக் கல்வித் திட்டமும் தொடங்கியது. இவை சிறிய காரியங்கள் அல்ல. இவை இல்லாவிட்டால் நான் சந்தித்த பிள்ளைகளில் பலர் எழுத்தறியாமலேயே வளர்ந்திருப்பார்கள். ஆனால் ஏழாம் வகுப்பின் முடிவில் ஒரு பொதுத்தேர்வு இருக்கிறது. அதன் முடிவு ஜனவரியில் வெளியாகி, உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்குச் சில வாரங்களே கிடைக்கும். நல்ல பள்ளி என்றால் பெரும்பாலும் விடுதிப் பள்ளி. அந்தச் சில வாரங்களில் பணம் புரட்ட முடியாத குடும்பம் பிள்ளையை ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று நிறுத்திவிடும். அந்த அடுத்த ஆண்டு பெரும்பாலும் வருவதில்லை. பெண்பிள்ளையாக இருந்தால் அதற்குள் கல்யாணப் பேச்சு எழுந்துவிடும்.

பணம் வரும் காலமும் செலவு வரும் காலமும் அங்கே ஒத்துப்போவதில்லை. காப்பி அறுவடையின் பெரும்பகுதி ஆண்டின் கடைசி மாதங்களில் கைக்கு வரும். அதைக் கொண்டு முதல் பருவத்தை எப்படியாவது ஓட்டிவிடுவார்கள். இரண்டாம் பருவத்துக்குப் பள்ளி திறக்கும்போது வீட்டில் ஒன்றும் இருக்காது. ஆகவே ஓர் ஆண்டில் மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட எந்த வாரத்தில் கொடுத்தோம் என்பதே ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தொகை வங்கி நடைமுறையில் பதினைந்து நாள் தாமதித்தால், அந்தப் பதினைந்து நாளும் கட்டணம் கட்டாத பிள்ளை என்ற பெயரோடு அவன் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்படுவான். இதைத் தடுக்க உள்ளூர்ச் சபையில் யாராவது தலைமையாசிரியரிடம் போய், ‘பணம் வந்துகொண்டிருக்கிறது, நான் பொறுப்பு’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்க வேண்டுமானால், சொல்பவரைத் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வகை உதவியின் உயிர்நாடி அந்த ஒருவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு சபையிலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பணியாளர் இருந்தார். சொற்ப ஊதியம், பலருக்குச் சொந்த வாகனம் கிடையாது. அவர்களில் ஒரு பெண்மணியோடு பலமுறை மலைச்சரிவில் ஏறியிருக்கிறேன். முன்பு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஒரு வீட்டுக்குப் போனால் ‘பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறதா?’ என்று அவர் கேட்கமாட்டார். கேட்டால் யாரும் ‘ஆம்’ என்றுதான் சொல்வார்கள். முற்றத்தில் போட்ட பாயில் உட்கார்ந்து, காப்பி விலையையும் மழையையும் பாட்டியின் முழங்கால் வலியையும் நிதானமாக விசாரித்துவிட்டு, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வார். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பி அதன் மேலிருக்கும் தேதியைப் பார்ப்பார். அது மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால் முகம் மாறாது. புறப்படும்போது தாயை மட்டும் வாழைத்தோப்பு வரை கூட நடக்கச் சொல்வார். காய்ச்சலா, கடனா, பையன் செங்கல் சூளைக்குப் போகத் தொடங்கிவிட்டானா என்பது அந்த நடையில் தெரிந்துவிடும். கணக்குப் பிரிவில் இருந்த எனக்கு ஒரு காலாண்டு அறிக்கையும் இவ்வளவு சொன்னதில்லை.

புரூஸ் வைடிக், பால் க்ளூ, லேன் ரட்லெட்ஜ் என்னும் பொருளாதார ஆய்வாளர்கள் உகாண்டா, கென்யா, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் 10,144 பேரைப் பற்றித் தகவல் திரட்டி 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சபைகள் வழியே பிள்ளைகளுக்கு ஆதரவு திரட்டும் கம்பாஷன் நிறுவனத்தின் திட்டத்தில் வளர்ந்தவர்கள், பெரியவர்களான பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பதே அவர்களின் கேள்வி. ஆதரவு பெற்றவர்கள் மற்றவர்களைவிட 1.03 முதல் 1.46 ஆண்டுகள் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். உயர்நிலைக் கல்வியை முடிக்கும் வாய்ப்பு 12 முதல் 18 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை உயர்ந்திருந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். பல நாடுகளையும் பல ஆயிரம் பேரையும் சேர்த்துப் பார்த்த சராசரி அது. ஏழாம் வகுப்போடு நிற்கவிருந்த ஒரு பெண் இன்னும் நான்கு ஆண்டு படித்துப் பத்தோடு பதினொன்றாம் வகுப்பையும் தாண்டுவது அந்தச் சராசரிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பிழைப்பு என்று வரும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. உயர்நிலைப் பள்ளியில் நான்காம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வழி பிரியும்: மேலும் இரண்டு ஆண்டு படித்துப் பல்கலைக்கழகம், அல்லது தொழிற்பயிற்சி. ஆதரவு தருபவர்களுக்கும் பெற்றோருக்கும் மக்கரேரே பல்கலைக்கழகத்தின் மீதே கண். அதில் தவறில்லை. ஆனால் தையல், பற்றவைப்பு, மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு, அடுமனை ஆகியவற்றைத் தேர்வில் தவறியவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாகச் சில சபைகள் நடத்தியதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். பையன் பயிற்சிக்குப் போகும்போதே தோற்றவன் என்ற எண்ணத்தோடு போனால், கையில் தொழில் வந்தாலும் அதில் தலைநிமிர்ந்து நிற்கமாட்டான்.

பயிற்சி முடிந்ததும் கருவி கொடுப்பது வழக்கம். ஜெபம் செய்து, புகைப்படம் எடுத்து, மிதி தையல் இயந்திரத்தைக் கையளிப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் சில வீடுகளில் இயந்திரம் இருக்காது. தம்பியின் மருத்துவச் செலவுக்கு விற்கப்பட்டிருக்கும். அந்தக் குடும்பங்களை நான் ஒருபோதும் குறைசொல்லமாட்டேன். வேலை செய்ய இடமும், முதல் வாடிக்கையாளரும், துணி வாங்கச் சிறு முதலும் இல்லாதபோது, வீட்டில் விலைபோகக்கூடிய ஒரே பொருள் அதுதான். இதைக் கண்ட ஒரு சபை ஏற்பாட்டையே மாற்றியது. பயிற்சி முடித்த பெண்களை முதலில் நகரத்தில் தொழில் நடத்தும் ஒரு தையற்காரரிடம் சில மாதங்கள் வேலைக்கு விட்டார்கள். அளவெடுப்பது, விலைபேசுவது, வரவேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்குவது எல்லாம் அங்கேதான் படிந்தது. பிறகு ஆலயத்தின் பக்கத் திண்ணையில் நான்கு இயந்திரங்களைப் போட்டு, அருகிலிருந்த பள்ளிகளின் சீருடை ஒப்பந்தத்தைப் போதகர் முன்னின்று பேசி வாங்கிக் கொடுத்தார். இயந்திரம் ஓராண்டு சபையின் சொத்தாகவே இருந்து, அதன்பின் அவர்கள் பெயருக்கு மாறியது. அந்தத் திண்ணை நான் புறப்படும் நாள்வரை ஓய்ந்ததில்லை.

இளைஞர்களுக்கு வேறு நெருக்கடி. பகிசு மக்களிடையே இரட்டைப்படை ஆண்டுகளில் இம்பாலு என்னும் விருத்தசேதனச் சடங்கு நடக்கும். பதின்பருவத்தின் இறுதியில் உள்ள பையன்கள் ஆட்டமும் பாட்டுமாக உறவினர் வீடுகளுக்கெல்லாம் சென்றுவந்து, ஊரறியக் கத்திக்கு முன் அசையாமல் நின்று ஆண்மகனாகிறார்கள். அந்த மக்களின் பெருமை அது. ஆனால் அதன்பின் அவன் பையன் அல்ல. நிலத்தில் பங்கு கேட்கலாம், குடும்பம் தொடங்கலாம். சீருடை அணிந்து வகுப்பில் உட்காருவது அவனுக்கே ஒட்டாமல் போகும். சடங்கைக் கண்டித்துப் பிரசங்கம் செய்த சபைகள் பையன்களை இழந்தன. சடங்குக்கு முன்பே தாய்மாமனையும் பெரியவர்களையும் அழைத்து, ‘ஆணான பிறகும் இவன் படிப்பை முடிக்க வேண்டும்’ என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்த சபைகள் பலரைத் தக்கவைத்துக்கொண்டன.

பெற்றோரின் கையில் சிறிதேனும் பணம் நிற்கச் செய்ததில் சேமிப்புக் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1991இல் நைஜரில் கேர் (CARE) என்னும் உதவி நிறுவனம் தொடங்கிய முறை ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. ம்பாலே சபைகளும் அதை எடுத்துக்கொண்டன. ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டுகள், சாவிகள் மூன்று வெவ்வேறு பேரிடம். மூவரும் கூடி, உறுப்பினர்கள் சுற்றி உட்கார்ந்தால்தான் பெட்டி திறக்கும். வாரந்தோறும் இயன்றதைப் போட்டு, அவசரத்துக்குக் கடன் வாங்கி, ஆண்டுக்கொருமுறை மொத்தத்தையும் பங்கிட்டுக்கொள்வார்கள். பங்கிடும் நாளைக் கிறிஸ்துமஸுக்கு முன் வைக்காமல் பள்ளி திறக்கும் வாரத்துக்குத் தள்ளிவைத்த குழுக்களில், ஆதரவாளர் இல்லாத பிள்ளைகளும் பள்ளியில் நின்றார்கள். இது எனக்கு மிகுந்த நிறைவு தந்தது. ஏனென்றால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஆதரவாளர் கிடைத்து தங்கைக்குக் கிடைக்காமல் போவது இந்த முறையின் மிக வேதனையான பக்கம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடப்பட்ட பள்ளிகள் முழுமையாகத் திறக்க 2022 ஜனவரி 10 ஆயிற்று. உலகிலேயே மிக நீண்ட மூடல்களில் அது ஒன்று. அந்தக் காலத்தில் பையன்கள் கல் உடைக்கவும் செங்கல் அறுக்கவும் போனார்கள். பல பெண்பிள்ளைகள் தாயானார்கள். கருவுற்றவர்களையும் கைக்குழந்தையோடு இருப்பவர்களையும் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசு சொன்னபோது, திருச்சபைத் தலைவர்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பிள்ளை எந்தக் கதவையும் தட்ட முடியாமல் நிற்கும் நேரத்தில்தான் சபை அவளுக்குச் சபையாக இருக்க வேண்டும். நான் குறிப்பிட்ட பெண்மணி அப்படிப்பட்ட தாய்மாரின் வீடுகளுக்குப் போய், குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வார் என்று பேசி முடித்து, அவர்களைத் திரும்ப அழைத்துவந்தார்.

இந்தியாவில் கம்பாஷன் நிறுவனம் அரசின் அந்நிய நன்கொடை விதிகளால் 2017 மார்ச்சில் பணியை நிறுத்தியபோது, ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளின் உதவி நின்றது. வெளியிலிருந்து வரும் பணம் ஒரு நாளில் நின்றுபோகலாம் என்பதை ம்பாலேயின் போதகர்களிடம் நான் எடுத்துச்சொன்னபோது அவர்கள் அதை எளிதாகத் தள்ளிவிடவில்லை. தமிழ்நாட்டுத் தாய்மார் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைக்கும் வழக்கத்தையும் சொன்னேன். ஓரிரு சபைகள் அறுவடையில் ஒவ்வொரு வீடும் ஒரு படி காப்பி கொடுப்பதென்று முடிவு செய்தன. அதை விற்ற பணம் பள்ளிக் கட்டணத்துக்குப் போதாது. யாரும் அப்படி எதிர்பார்க்கவுமில்லை. பணியாளரின் ஊதியத்தில் ஒரு பகுதிக்கு அது போனது.

ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்பும் நம் சபையினர் சிலர், பிள்ளையின் பெயரும் படமும் கிடைக்குமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கிடைக்கும். அதோடு, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மாதந்தோறும் நடந்துபோகிறவர் யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்றும் கேளுங்கள் என்று சொல்கிறேன். பல திட்டங்களில் அதை ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பில் எழுதி, குறைக்கவேண்டிய தொகையாகக் காட்டுகிறார்கள். பிள்ளைக்கென்று அனுப்பும் தொகையோடு, அந்தச் சம்பளத்துக்கும் ஒரு பங்கைச் சேர்த்து அனுப்பலாம்.