வண்டலை ஏற்றும் முன்

சென்ற கோடையில், நொய்யல் கரையோரம் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, குளத்து வண்டலை டிராக்டரில் ஏற்றுவதற்கு முன் ஒரு கட்டியை உடைத்துக் காட்டினார். வெளியே சாம்பல் நிறமாகக் காய்ந்திருந்த அந்தக் கட்டி உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் நெம்பியபோது ஏடு ஏடாகப் பிரிந்தது. ஒவ்வொரு வெள்ளமும் விட்டுச்சென்ற படிவு அது.

"உப்பெல்லாம் மழையில கழுவிப் போயிருச்சுங்க மாப்பிள்ளை, மண் பரிசோதனையும் நல்லாத்தான் வந்திருக்குது" என்றார்.

உப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்கு முன் அவற்றின் கழிவுநீரோடு நொய்யல் ஆற்றில் இறங்கிய உப்பு, தண்ணீரில் கரைந்து இடம் மாறக்கூடியது. கன உலோகங்களோ அவ்வாறு போய்விடுவதில்லை. சில வகைச் சாயங்களிலிருந்து செம்பும் குரோமியமும், முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து நிக்கலும் துத்தநாகமும் வந்து, மணலில் நிற்காமல் நுண்ணிய களித்துகளிலும் மட்கிலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளம் வேகம் குறைந்து தேங்கும் தாழ்வான இடங்களில்தான் அந்தக் களி படிகிறது. உழவர் விரும்பி அள்ளுவதும் அதே களியைத்தான் என்பதே எனக்குக் கவலை தருகிறது.

வழக்கமான மண் பரிசோதனை கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல் சத்துகளோடு துத்தநாகம், செம்பு போன்ற நுண்சத்துகளைச் சொல்லும். நச்சு உலோகங்களான காட்மியம், ஈயம், குரோமியம் ஆகியவற்றைத் தனியே கேட்டால்தான் பார்ப்பார்கள். மேலும், காற்றுப் படாமல் நீருக்கடியில் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் காட்மியம், வண்டலை வயலில் பரப்பிக் காய வைக்கும்போது அந்தப் பிணைப்பு உடைந்து வேருக்கு எட்டும் நிலைக்கு வரக்கூடும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பாசன வயல்களில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்லில் ஏறி, எலும்பை நொறுக்கும் இத்தாய்-இத்தாய் நோயைக் கொடுத்தது. 1968இல் அந்த நாட்டு அரசே அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த மண் உலோகத்தை ஓரளவு இறுக்கிப் பிடிக்கும் என்பது ஆறுதலே. ஆனால் குளோரைடு உப்பு இன்னும் மீதமிருந்தால் அது காட்மியத்தை மறுபடி நகரச் செய்யும்.

உலோகத்தின் அளவு மட்டும் தெரிந்தாலும் போதாது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையில் குரோமியம் இயற்கையாகவே உண்டு. அத்தகைய பாறை உள்ள இடத்து மண்ணில் பட்டறை எதுவும் இல்லாமலே அளவு உயர்ந்து நிற்கும். ஆகவே வெள்ளம் ஏறாத மேட்டுக்காட்டில், அதே வகை மண்ணிலும் மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும்.

இரும்பு மண்வெட்டி பட்ட பக்கத்தை மரக்கரண்டியால் சுரண்டித் தள்ளிவிட்டு, குளத்தில் மூன்று இடத்திலும் மேட்டுக்காட்டில் ஓர் இடத்திலும் அரைக் கிலோ வீதம் அள்ளிப் பையில் கட்டினோம். முடிவு வரும்வரை கீரைப் பாத்திக்கு இந்த மண் வேண்டாம் என்றேன். மாமா வெறும் டிராக்டரைக் களத்துக்கு ஓட்டிச் சென்றார்.